பரங்கிப்பூ கொடுத்த இனாம்

அந்தக் காலத்தில், பூவும் பூச்சியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், காட்டோரத்து முள்வேலி ஒன்றில் செவ்வண்டு முதலாளி ஒரு கடை நடத்திவந்தார். மகரந்தப் பொடிக் கடை. ஆண்பூக்களிடம் பொடியை வாங்கி, பெண்பூக்களின் வாசலில் சேர்ப்பது தொழில். பொடி வந்து சேர்ந்தால்தான் பெண்பூவின் அடியில் இருக்கும் பிஞ்சு காயாகும். அதற்குக் கூலியாக ஒவ்வொரு பூவின் இதழிலும் முதலாளி ஒரு கடி கடித்துக்கொள்வார். அவர் உடம்பை அசைத்துச் செய்த வேலை அது ஒன்றுதான். மழையிலும் வெயிலிலும் பொடியைச் சுமந்து பறந்தவை தேனீக்கள். தேன் என்பதே இல்லாத காலம்தான், இருந்தாலும் நமக்குப் புரியவேண்டுமே, தேனீக்கள் என்றே வைத்துக்கொள்வோம். காலில் ஒட்டி மிஞ்சிய பொடியைத் தட்டித் தின்பதுதான் அவற்றின் சம்பளம்.

அந்த வேலியில் ஒருநாள் விடிகாலையில் பரங்கிப்பூ ஒருத்தி மலர்ந்தாள். மலரும்போதே அவளுக்கு அவசரம். பரங்கிப்பூவுக்கு நேரம் உச்சிப்பொழுது வரைதான். சூரியன் தலைக்கு மேலே வந்தால் இதழ் சுருண்டு வாசல் அடைத்துவிடும். அதற்குள் பொடி வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அவளுக்கு முன்னால் அதே கொடியில் மலர்ந்த மூன்று அக்காக்களின் பிஞ்சுகளும் அப்படித்தான் போயிருந்தன. மொட்டாக இருந்தபோதே எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"என்னுது விழாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேண்டுதல் மாதிரி இல்லை, உத்தரவு மாதிரி.

சொல்லி முடிப்பதற்குள் தூறல் ஆரம்பித்தது.

பக்கத்துக் கொடியில் இருந்த வெள்ளரிப்பூவுக்கு வாய் சும்மா இருக்காது. "பரங்கி அக்கா, இன்னைக்குப் பொடி வந்தமாதிரிதான். தூறல்னா இந்தத் தேனீக்களுக்குக் கொண்டாட்டம். எங்கேயாவது இலைக்கடியில ஒதுங்கிட்டு, சாவகாசமா வரும்."

"வரட்டும். நாலு கேள்வி கேட்டுத்தான் வாசல்ல விடுவேன்," என்றாள் பரங்கி.

வெகுநேரம் கழித்து ஒரு தேனீ வந்து இதழில் பொத்தென்று விழுந்தாள்.

"வாம்மா மகராணி, இப்பதான் வழி தெரிஞ்சுதா? இங்க ஒருத்தி உசிரைக் கையில பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன், உனக்கு..."

அப்போதுதான் பரங்கி அவளைச் சரியாகப் பார்த்தாள். தேனீயின் இறகுகள் நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடந்தன. கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலில் கொண்டுவந்த பொடியில் பாதி கரைந்துபோயிருந்தது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஒதுங்கி நின்னா பொடி நனையாது, ஆனா நேரம் போயிடும். நேரமா பொடியான்னு யோசிச்சேன். உங்களுக்கு நேரம்தானே முக்கியம், பறந்துட்டேன்."

கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் பரங்கிக்கு மறந்துபோனது.

"உன் பேரென்ன?"

"பேர் எதுக்கும்மா? முதலாளிகிட்டப் புகார் சொல்லவா?"

"கூப்பிடத்தான்டி."

தேனீ சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "வேணி," என்றாள்.

"எங்க பெரியக்கா போன வாரம் ஒரு சொட்டுத் தண்டுச்சாறை உங்க முதலாளிகிட்டக் கொடுத்தாளே, பொடி கொண்டுவர்ற பிள்ளைங்க குடிக்கட்டும்னு. வாங்கிக் குடிச்சிருந்தா உடம்புல கொஞ்சம் தெம்பு இருந்திருக்குமே?"

"எங்களுக்கா? யாரும் ஒண்ணும் தரலையே. முதலாளி மட்டும் அன்னைக்கு முழுக்க மீசையை நக்கிட்டு இருந்தாரு."

பரங்கியின் இதழ் விறைத்தது. வேணி அதைக் கவனிக்காமல் பொடியை உதறிப் பார்த்தாள். "இது போதாதும்மா. உங்க பிஞ்சு நிக்கணும்னா இன்னும் அஞ்சாறு நடை வேணும். ஆனா வீட்டுக்கு ஒரு நடைதான்னு முதலாளி உத்தரவு."

அஞ்சாறு நடை. மேகத்துக்குப் பின்னால் சூரியன் உச்சிக்குப் பாதி வழி ஏறியிருந்தான். பரங்கியிடம் இருந்தது ஒன்றே ஒன்று. பிஞ்சுக்காக வேர் பார்த்துப் பார்த்து அனுப்பும் இனிப்பான தண்டுச்சாறு. பிள்ளையின் பங்கு. நடுங்கும் அந்தக் காலை இன்னொருமுறை பார்த்தாள்.

"நில்லு வேணி. போகும்போது ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

வெள்ளரிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? வேலை முடியட்டும், அப்புறம் கொடு. குடிச்சிட்டுப் போறவ திரும்பி வராட்டி?"

"நனைஞ்சுட்டு வந்து சேர்ந்தாளே, அது முடிஞ்ச வேலை இல்லையா?"

அந்த நேரம் பார்த்துக் கடிக்கூலி வாங்க வந்து இறங்கினார் செவ்வண்டு முதலாளி. பேச்சு காதில் விழுந்துவிட்டது.

"என்னம்மா, புதுப் பழக்கமா இருக்கு? கொடுக்கிறதா இருந்தா எங்கிட்டக் கொடுங்க. நான் எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுக்கிறேன்."

"போன வாரம் நீங்க பிரிச்ச லட்சணம் தெரிஞ்சுபோச்சு."

முதலாளியின் மீசை ஒருமுறை ஆடி நின்றது. "அப்படியா. அப்ப நல்லாக் கேட்டுக்கோங்க. இவளுக்கு ஒரு சொட்டுக் கொடுத்தாலும், என் கடையிலிருந்து இந்த வாசலுக்கு இனி ஒருத்தியும் வரமாட்டா. உங்க பிஞ்சு, உங்க பாடு."

வேணி மெதுவாகப் பின்வாங்கினாள். "வேண்டாம்மா. எனக்காக உங்க பிள்ளை..."

பரங்கி அடியில் இருந்த பிஞ்சைப் பார்த்தாள். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இவர் சொன்னபடி கேட்டால் மட்டும் பொடி வந்துவிடுமா? அக்காக்கள் மூன்று பேரும் கேட்டவர்கள்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு தண்டுச்சாற்றை மேலே இழுத்தாள். பிஞ்சுக்குப் போகவேண்டியதைத் திருப்பி, இதழ் விளிம்புக்குக் கொண்டுவராமல், தன் அடிவயிற்றின் ஆழத்தில், நூல் நுழையும் இடுக்கில் ஒரு சொட்டாகத் தேக்கினாள்.

முதலாளி சும்மா இருப்பாரா? முந்திக்கொண்டு தலையை உள்ளே விட்டார். பாதியில் மாட்டிக்கொண்டது. உட்கார்ந்தே வளர்த்த உடம்பு. காலை உதைத்து, முக்கி, முனகி, ஒருவழியாக வெளியே வந்தார்.

"வேணி, உன் நாக்கு எட்டும். குடி," என்றாள் பரங்கி. "இது நீ வந்ததுக்கு. திரும்பி வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

வேணி குனிந்து குடித்தாள். இறகை உதறிக்கொண்டு பறந்துபோனாள். முதலாளி இதழில் ஒரு கடிக்கு மூன்று கடியாகக் கடித்துவிட்டுக் கடைக்குப் போனார்.

தூறல் நின்றது. வெயில் சுள்ளென்று அடித்தது. அதன்பிறகு வேலியில் எந்தப் பூவுக்கு வந்த தேனீயும் பரங்கியின் பக்கம் திரும்பவில்லை. இதழ் நுனி ஒவ்வொன்றாகச் சுருள ஆரம்பித்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் வெள்ளரி.

"சொன்னே. இப்பக் கொஞ்சம் சும்மா இரு," என்றாள் பரங்கி. சுருளும் இதழை நரம்பெல்லாம் வலிக்க விரித்துப் பிடித்துக்கொண்டாள். சூரியன் உச்சிக்கு வந்தான். மற்ற பரங்கிப்பூக்கள் எல்லாம் வாசலை மூடின. அவள் மூடவில்லை.

அப்போது ரீங்காரம் கேட்டது. ஒன்றல்ல, ஏழு தேனீக்கள். முன்னால் வேணி. ஏழு பேர் காலிலும் பொடி உருண்டை உருண்டையாக ஒட்டியிருந்தது.

"உங்க முதலாளி எப்படி விட்டாரு?" என்றாள் பரங்கி. குரல் மெலிந்திருந்தது.

"கடைக்கே போகலைம்மா. நேரா ஆண்பூக்கள்கிட்டப் போய் நாங்களே அள்ளிட்டோம். வழி எங்களுக்குத்தானே தெரியும்? இத்தனை நாள் இது தோணலை பாருங்க."

ஏழு பேரும் பொடியைக் கொட்டினார்கள். பரங்கி மறுபடியும் சாற்றை இழுத்தாள். ஒருத்தி வாய்விட்டுக் கேட்பதற்கு முன்னாலேயே ஆளுக்கொரு சொட்டு. என் பிள்ளை கொஞ்சம் இனிப்புக் குறைச்சலாகவே வளரட்டும், வளர்ந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள். கடைசித் தேனீ குடித்துவிட்டு வெளியேறியதும், பிடித்திருந்த இதழை விட்டாள். வாசல் மூடியது.

பிஞ்சு நின்றது. பருத்தது. வேலியே சாயும் அளவுக்குக் காயானது. அதைப் பார்த்தபிறகு மற்ற கொடிகளுக்கும் புத்தி வந்தது. முதலில் ஒரு சொட்டு வைத்தது வெள்ளரிக் கொடிதான். அதன்பின் ஒரு தேனீயும் முதலாளியின் கடைப் பக்கம் திரும்பவில்லை.

அன்று முதல்தான் பூக்கள், தேன் என்று பேர் வாங்கிய அந்தச் சாற்றை விளிம்பில் வைக்காமல் அடியாழத்தில் வைத்து, வாசலுக்கு வருகிறவர் வாயிலேயே சேர்க்கின்றன. பரங்கிக்காய் சர்க்கரையாய் இனிக்காததும், கடை போன ஆத்திரத்தில் செவ்வண்டு பரங்கி இதழைக் குதறிவைப்பதும், நாமும் ஓட்டலில் சோறு பரிமாறினவருக்கும் வீடு தேடிக் கொண்டுவந்தவருக்கும் கொடுக்கிற இனாமை முதலாளி கையில் கொடுக்காமல், கேட்கவும் வைக்காமல், அவரவர் கையிலேயே கொடுக்கவேண்டும் என்று ஆனதும் அன்று முதல்தான்.