வீடு வரைக்கும் நூற்றைம்பது மீட்டர்

“என் கணக்குல தப்பே இல்லீங்க டீச்சர்” என்றார் நாச்சிமுத்து.

வயரிங் வேலையில் முப்பது வருடம் பழுத்தவர். ஐம்பத்து மூன்று வயதில் லைசென்ஸுக்காக மாலை வகுப்பில் சேர்ந்திருந்தார். பாடம் எடுத்த நஸ்ரீனுக்கு அவருடைய மகள் வயதுதான்.

“என்ன கணக்குண்ணா?”

“ரோட்டோர மீட்டர் பெட்டியில இருந்து தோப்புக்குள்ள எங்க வீட்டுக்குக் கம்பி இழுத்தேன். வழியில பத்து வோல்ட் குறையும்னு கணக்கு. தண்ணி மோட்டார் ஓடறப்ப அளந்தா இருபது குறையுது. மயிலாத்தாளோட ஆக்சிஜன் மிஷின் கத்திட்டு நின்னுடுதுங்க.”

மயிலாத்தாள் அவர் மனைவி. ஆறு மாதமாக அந்த மிஷின் தரும் காற்றில்தான் அவளுக்கு மூச்சு.

அவர் நீட்டிய கணக்குத் தாளை நஸ்ரீன் வாங்கவில்லை.

மறுநாள் காலை ஸ்கூட்டியில் தோப்புக்கே வந்துவிட்டாள். மீட்டர் பெட்டி அருகே நின்று கேட்டாள்.

“எவ்வளவு நீளம் போட்டீங்க?”

“இங்கிருந்து வீடு வரைக்கும் நூற்றைம்பது மீட்டர். டேப் வெச்சு ரெண்டு தடவை அளந்தேன்.”

“எத்தனை கம்பி?”

“ரெண்டுதானுங்க. ஒண்ணுல கரண்ட் போகும், இன்னொண்ணுல திரும்பும். இதக்கூடவா கேப்பீங்க?”

நஸ்ரீன் சிரித்தாள்.

“கம்பியைக் கனமா மாத்தணும். வாங்க, கடைக்குப் போலாம்.”

“கணக்கு சரியா இருக்கறப்ப எதுக்குங்க மாத்தணும்?”

“வீட்டுல சொல்லிட்டு வாங்கண்ணா.”

அவள் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்தினாள்.

நாச்சிமுத்து முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். மயிலாத்தாள் மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

“கடைக்குப் போறேன், மயிலா.”

அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

“போறேன்னு சொல்லாதீங்க.” மூச்சு வாங்கியது. “போயிட்டு வரேன்னு சொல்லுங்க.”

“சரி, போயிட்டு...”

வாய் அப்படியே நின்றது.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். கட்டில் விளிம்பில் வைத்துப் பிரித்தார். நூற்றைம்பதை அடித்துவிட்டு முந்நூறு என்று எழுதினார். மறுபடி பெருக்கினார்.

இருபது வோல்ட். சொல்லி வைத்தாற்போல் வந்தது.

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மயிலாத்தாளுக்கும் அது தொற்றிக்கொண்டது.

“என்னங்க அது?”

“வர்ற வழியை விட்டுட்டேன், மயிலா.”