கருப்புக்கு என்ன சத்தம்?

"என்னால இனி முடியாது, டீச்சர். பிள்ளைங்க கருப்புக் கிரேயானை விட மாட்டேங்குறாங்க," என்றார் கோதண்டம்.

எஸ்தர் டீச்சர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்ப கருப்பு எடுக்குறாங்க?"

"நான் வாசிக்கிறதை நிறுத்துறப்ப."

"அப்ப மட்டுமா?"

"அப்ப மட்டும்தான்."

டீச்சர் அடுத்த தூரிகையை எடுத்தார்.

கோதண்டம் புல்லாங்குழல் வித்வான். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி இறந்ததும் கச்சேரிகளை விட்டுவிட்டு இந்த மலைப் பள்ளிக்கு வந்தார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டாலே நிறம் சொல்லித்தரும் எஸ்தர் டீச்சரிடம் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். டீச்சர் அவரைவிட மிகவும் இளையவர்.

"வீட்டுல யாரு இருக்காங்க?" என்று அன்று கேட்டார் டீச்சர்.

"யாரும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை."

டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சேர்த்துக்கொண்டார்.

பாடம் எளிமையானது. மேளம் தட்டினால் சிவப்பு. மணி அடித்தால் மஞ்சள். குழல் ஊதினால் நீலம். பிள்ளைகள் காதில் கேட்டதைத் தாளில் தீட்டுவார்கள்.

ஒரு நாள் ஒரு பிள்ளையிடம் மணியைக் கொடுத்து, கூடவே கோதண்டம் குழல் ஊதினார். யாரும் சொல்லாமலே ஒரு பையன் மஞ்சளின் மேல் நீலத்தைத் தேய்த்தான். பச்சை வந்தது. கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை கச்சேரி செய்தும் இப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை என்றார்.

அன்று பாடத்தை முடித்துக் குழலைக் கீழே வைத்தார். அறை அமைதியானது.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கருப்புக் கிரேயானை எடுத்தார்கள்.

"நான் ஒண்ணும் வாசிக்கலையேப்பா," என்றார்.

"வாசிக்குதே, ஸார்," என்றாள் ரூபிணி. நான்கு வயதுக்காரி.

"எது வாசிக்குது?"

"கருப்பு."

"எங்கே?"

அவள் கையை நீட்டினாள். கோதண்டம் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

வெறும் சுவர்.

அதன்பிறகு அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. உதடு வெடித்தது. அப்படியும் வாசித்தார். மூச்சு வாங்க வேண்டிய அந்தச் சின்ன இடைவெளியில், எல்லாத் தாள்களிலும் ஒரு கருப்புக் கோடு விழுந்தது.

இன்று காலையில் ரூபிணியின் அம்மா வந்திருந்தாள். தேயிலை பறிக்கப் போகிற வழி. இடுப்பில் கட்டிய சாக்கோடு வாசலில் நின்றாள்.

"என் பிள்ளையை என்ன சார் பண்ணீங்க? வாயே திறக்க மாட்டேங்குறா. வாயை மூடிக்கிட்டு உள்ளுக்குள்ளயே ம்ம்ம்னு ஒரு சத்தம். தூக்கத்துலகூட நிக்கலை. இப்ப அவ அண்ணனும் ஆரம்பிச்சுட்டான்."

கோதண்டம் குனிந்து ரூபிணியைப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து அனுப்ப மாட்டேன்," என்று சொல்லி மகளை விட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் அவர் டீச்சரிடம் வந்து நின்றார்.

"இந்த இடத்துல என்னமோ இருக்கு, டீச்சர்."

"இருக்கு," என்றார் டீச்சர். கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு நடந்தார்.

ஜன்னல்களில் பனிமூட்டம் அப்பியிருந்தது. பிள்ளைகள் தரையில் தாள்களோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே கோதண்டம் குழலை உதட்டில் வைத்து ஊதத் தொடங்கினார்.

"நிறுத்துங்க," என்றார் டீச்சர்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். ஊதிக்கொண்டே இருந்தார்.

டீச்சர் குழலை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

பிள்ளைகள் கருப்புக் கிரேயானை எடுத்தார்கள். தாளில் மெழுகு உரசும் ஓசை.

பிறகு ரூபிணியின் மூடிய வாயிலிருந்து அது வந்தது. ம்ம்ம். பக்கத்துப் பையனிடமிருந்து. அவனுக்கு அடுத்தவளிடமிருந்து. ஒவ்வொருவராக எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே சுருதி. ஒரு பிசிறு இல்லை.

கோதண்டத்துக்கு நன்றாகப் பழக்கமான சுருதி அது. எங்கே கேட்டோம் என்றுதான் பிடிபடவில்லை.

"இவங்க இதை எங்க கத்துக்கிட்டாங்க, டீச்சர்?"

டீச்சர் பிள்ளைகளைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

பிள்ளைகள் நிறுத்தினார்கள்.

சத்தம் நிற்கவில்லை.

கோதண்டம் மூலைகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பின்னால் திரும்பினார்.

டீச்சர் அவருடைய கையைப் பிடித்தார். அதை எடுத்து அவருடைய தொண்டையிலேயே வைத்தார்.

தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது.

அவர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"எப்பலேர்ந்து?" என்றார் கடைசியில்.

"நீங்க வந்த அன்னைக்கே கேட்டுச்சு."

அவர் வாயைத் திறந்தார். மனைவியின் பெயர் வந்தது. பிறகு, பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, அவர் வாய்விட்டுக் கதறி அழுதார். பனிமூட்டத்துக்கு அப்பால் தேயிலை பறிப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

ரூபிணி தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். கிரேயானைக் கீழே வைத்தாள். டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், ஸார் இப்பத்தான் நிறுத்துனாரு."