உப்பில்லாத கஞ்சி

பரஞ்சோதி அம்மாள் மலையடிவாரத்தில் வைத்தியம் கற்பித்து வந்தார். மூலிகை படிக்க அவரிடம் வந்து சேர்ந்த திருமேனி, அம்மாளைவிடப் பத்து வயது மூத்தவர். வந்த மூன்றாம் மாதமே காமாலையில் விழுந்தார்.

அம்மாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். புளியையும் உப்பையும் நிறுத்தினார். கண்ணில் இருந்த மஞ்சள் போயிற்று. திருமேனி மட்டும் பாயை விட்டு எழவில்லை.

மனைவி செங்கமலமும் மகள் இளவேனிலும் அவரை அழைத்துப்போக வந்திருந்தார்கள்.

"நோயாளியா வீட்டுக்கு வர மாட்டேன். உடம்பு தேறட்டும்," என்றார் திருமேனி.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் செங்கமலம். "அடுத்த தடவை நாங்களும் பாயைக் கொண்டுவந்து விரிச்சிடறோம்."

திருமேனி அம்மாளிடம் போனார்.

"எனக்கு எப்பம்மா குணமாகும்?"

அம்மாள் நாடி பார்த்தார். வெகுநேரம் பார்க்கவில்லை.

"சுனை வரைக்கும் போயிட்டு வாங்க. வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டு."

"என்ன பறிச்சிட்டு வரணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"அப்புறம் எதுக்கு?"

"இவங்க சுனையைப் பார்த்ததில்லையே."

திருமேனி உப்பில்லாத கஞ்சியைத் தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டார். காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டார். இருபது அடிக்கு ஒருமுறை நின்று தன் நாடியைத் தானே பார்த்தார்.

"அப்பா, இன்னும் இருக்கீங்களா?" என்று முன்னாலிருந்து இளவேனில் கத்தினாள்.

"வாயைப் பாரு!" என்றாள் செங்கமலம். சொல்லிவிட்டு அவளும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வழியெல்லாம் முந்தைய நாள் மழையின் ஈரம். இளவேனில் ஒவ்வொரு செடியாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டாள்.

"இது என்னப்பா?"

"மூட்டுவலிக்கு."

"இது?"

"சொறிக்கு."

"இந்த நீலப்பூ?"

"விஷக்கடிக்கு."

"நல்லா இருக்கறவங்களுக்குன்னு இந்த மலையில ஒண்ணுமே முளைக்காதா?"

திருமேனி காதுத் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

சுனையில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. திருமேனி தூக்கைப் பாறைமேல் வைத்துவிட்டுக் குனிந்து முகம் கழுவினார். நிமிர்வதற்குள் ஒரு குரங்கு மூடியைத் திறந்துவிட்டது. கையை உள்ளே விட்டு ஒரு வாய் தின்றது. முகத்தைச் சுளித்தது. திருமேனியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு தூக்கைக் கவிழ்த்துவிட்டு மரமேறிப் போயிற்று.

"பாவம், அதுக்கு என்ன வியாதியோ!" என்றாள் செங்கமலம்.

இளவேனில் பாறையில் புரண்டு சிரித்தாள். செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திருமேனி கோபத்தோடு அவர்களைப் பார்த்தார். பார்த்தபடியே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். துண்டு அவிழ்ந்து தண்ணீரில் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

சிரித்து முடித்ததும் பசித்தது.

அருகிலிருந்த புளியமரத்தில் இளவேனில் ஏறிப் பிஞ்சுகளைப் பறித்துப் போட்டாள். செங்கமலம் மடியிலிருந்து உப்புப் பொட்டலத்தைப் பிரித்தாள். பாறைமேல் மூன்று கைகளும் போய்வந்தன. பல் கூசும்வரை தின்றார்கள்.

இறங்கும்போது திருமேனிதான் முன்னால் நடந்தார். பாதி வழியில் சட்டென்று நின்றார். அடுத்த கணம் ஓட்டமெடுத்தார்.

"அம்மா! பத்தியம் முறிஞ்சுபோச்சு!"

அம்மாள் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். "என்ன சாப்பிட்டீங்க?"

"புளியம்பிஞ்சு."

"வெறும் பிஞ்சா?"

திருமேனி தலையைக் குனிந்துகொண்டார். "உப்பு தொட்டு."

"எத்தனை?"

"எண்ணலம்மா."

செங்கமலமும் இளவேனிலும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். "என்னா ஓட்டம்! எங்களால பிடிக்க முடியல," என்றாள் செங்கமலம்.

அம்மாள் குழவியைக் கழுவி வைத்தார்.

"உங்க பத்தியம் முடிஞ்சு இன்னியோட இருபது நாள், திருமேனி."

திருமேனி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இருபது நாளா? உப்பு போட்டுச் சாப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொல்லியிருந்தா, அதையும் பத்தியமாத்தானே சாப்பிட்டிருப்பீங்க?" என்றார் அம்மாள்.