புதன்கிழமை விரதம்

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அங்கே குரு சடையம்மாளுக்கு வயசு முப்பத்திரண்டு. சிஷ்யை தெய்வானைக்கு நாற்பத்தாறு. அதனால் குருவே சிஷ்யையை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த அக்காவோடு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு என்று ஒரே விரதம். வியாழன் யாருக்கு என்று கேட்டால், "குருவுக்கும்மா, உங்களுக்குத்தான்" என்று சிரிப்பாள். ஞாயிறும் புதனும்தான் அந்த வயிறு சோற்றைப் பார்க்கும்.

இன்றைக்குப் புதன். வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாறோடு சாய்ந்துவிட்டாள்.

சடையம்மாள் தண்ணீர் தெளித்து எழுப்பி, கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"இன்னைக்கு எந்தச் சாமிக்குக்கா?"

"சாமிக்கு இல்லைம்மா. உடம்பு ஊதிப்போச்சு. பார்க்கவே அருவருப்பா இருக்கு."

"நேத்து ஊதலையா?"

"நேத்துப் பரவாயில்லை. இன்னைக்குக் காலையிலேருந்துதான்."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பச்சைத் தண்ணி."

"தண்ணியில ஊதுறதுக்கு நீங்க என்ன கொண்டைக்கடலையா?"

தெய்வானை சிரித்தாள். சடையம்மாளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"காலையில யாரு வந்தது?"

"என் மகன். புதுப் பொண்டாட்டியோட."

"கல்யாணம் எப்போ ஆச்சு?"

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும். இது யாருன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. மடத்துல பெருக்குற அம்மான்னு சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? சிரிச்சேன். திருநீறு எடுத்துக் கொடுத்தேன். அவங்க போனப்புறம் கிணத்துல குனிஞ்சா, மூஞ்சி இவ்வளவு பெருசாத் தெரியுது." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அதற்கும் ஒரு சிரிப்பு.

"அழலையா?"

"அழறதா? ஆசாபாசத்தை விடணும்னுதானேம்மா இங்க வந்தேன்? நீங்கதானே சொன்னீங்க."

சடையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கிண்ணத்தை அவள் மடியில் வைத்தாள்.

"சரிக்கா. விரதம்னாத்தான் கேப்பீங்க. இன்னைக்கும் ஒண்ணு இருங்க. பொழுது சாயற வரைக்கும் சிரிக்கக் கூடாது."

தெய்வானை சிரிக்கப் போனாள். பாதியில் வாய் நின்றது. உதடு கோணிக்கொண்டு துடித்தது.

"கஞ்சி?" என்றாள், குரல் உடைந்து.

"கஞ்சி அந்த விரதத்துல சேராது. அழுதுகிட்டே குடிக்கலாம்."