வேலியில் ஒரு கையுறை

மார்கழி முழுக்கச் சூரியன் எட்டிப் பார்க்காத ஊர் அது. நோர்வேயின் வடகரையில் இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து வாகீச சுவாமி அங்கே வந்திறங்கினார்.

அழைத்தவர் இராசமலர். மீன் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் கத்தி பிடித்தவர். சுவாமியைவிடப் பதினைந்து வயது மூத்த சிஷ்யை. குருவுக்கு வயது பார்க்கக்கூடாது என்று அவரே சொல்வார். ஆனாலும் சுவாமி கம்பளிக் காலுறை போட்டிருக்கிறாரா என்று குனிந்து பார்க்காமல் வெளியே விடமாட்டார்.

விமான நிலையத்திலிருந்து வரும்போதே கேட்டுவிட்டார்.

"சுவாமி, வீட்டை விக்கப்போறன். வெள்ளிக்கிழமை வாங்கிற ஆக்கள் கையெழுத்து வைக்க வருகினம். பிறகு உங்களோடயே மடத்துக்கு வந்திடுறன். வரலாமோ?"

"மகன்?"

இராசமலர் பாதையையே பார்த்துக் காரை ஓட்டினார். நாலு வருடத்துக்கு முன் ஒரு சண்டையில், இந்தப் படி இனி மிதியாதே என்று சொன்னது அவர்தான். மகன் துவாரகன் மிதிக்கவில்லை. தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான். எந்த ஊரில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அவன் வரமாட்டான், சுவாமி."

"முதல்ல ஊரைக் காட்டுங்கோ," என்றார் சுவாமி.

செவ்வாய்க்கிழமை காட்டினார். நண்பகலில் ஊர் நீலமாக இருந்தது. வானமும் பனியும் கடலும் ஒரே நீலம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. துறைமுகத்தில் படகுகள் விளக்கோடு அசையாமல் நின்றன. சுவாமிக்குத் தான் இன்னும் விமானத்தில் தூங்கிக்கொண்டிருப்பதாகவே பட்டது. மீன் வாடை வந்த பிறகுதான் விழித்திருக்கிறோம் என்று நம்பினார்.

"எங்கட காரைநகர்க் கடற்கரை மணக்குது," என்று ஆசையாக மூச்சை இழுத்தார்.

பாலர் பள்ளிக்குப் போகிற பாதையில் ஒரு மரவேலி. அதன் ஒரு கட்டையின் தலையில் சின்னச் சிவப்புக் கையுறை ஒன்று செருகியிருந்தது. விரல்கள் மேலே பார்த்தன.

சுவாமி நின்றார். குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

"ஐயோ சுவாமி, பனிக்குள்ள என்ன செய்யிறியள்?"

"ஆரோ நேர்த்திக்கு வைச்சிருக்கினம். சப்பாத்தோட நிக்கலாமோ?"

இராசமலர் சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

"நேர்த்தியும் இல்லை, கோயிலும் இல்லை. ஆரோ ஒரு பிள்ளை விழுத்திப்போட்டுப் போயிருக்கு. கண்ட ஆக்கள் எடுத்து, கண்ணில படுற மாதிரி உயரத்தில செருகிவிடுவினம். இந்த நாட்டு வழக்கம்."

"வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டினமோ?"

"சீச்சீ. ஒருத்தரும் கொண்டுபோகமாட்டினம்."

சுவாமி பாதி கழற்றிய சப்பாத்தோடே கைகூப்பினார். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அவரைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார், தலையசைத்துவிட்டுப் போனார். இராசமலருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

புதன்கிழமை தேவாலயம், பழைய படகுகள் வைத்திருக்கிற அருங்காட்சியகம் என்று சுற்றினார்கள். சுவாமி எல்லாவற்றையும் கனவில் நடக்கிறவர் போலப் பார்த்தார். மடத்துக்கு வரலாமோ என்று கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. இராசமலர் இரண்டு பெட்டிகளைக் கட்டி முடித்திருந்தார். துவாரகனின் அறையை மட்டும் இன்னும் திறக்கவில்லை.

வியாழக்கிழமை பனி கொட்டித் தீர்த்திருந்தது. மலை பார்க்கக் கூப்பிட்டதற்குச் சுவாமி வரமாட்டேன் என்றார்.

"அந்த வேலிக்குப் போவம்."

கையுறை அங்கேயே இருந்தது. வெண்மை மூடி, சிவப்பு கொஞ்சம்தான் தெரிந்தது. சுவாமி அதை எடுத்து, பனியைத் தட்டினார்.

"நாளைக்கு ஆக்கள் வருகினம், சுவாமி. நீங்கள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"மூண்டு நாளாப் போச்சு," என்றார் சுவாமி, கையுறையைப் பார்த்தபடி. "இனி இதைத் தேடி ஆர் வரப்போகினம்? மடத்துக்குக் கொண்டுபோவம். அங்க பத்திரமா இருக்கும்."

அதைத் தன் சால்வைக்குள் வைக்கப்போனார்.

"வேண்டாம் சுவாமி!" இராசமலர் அவர் கையைப் பிடித்தேவிட்டார். "தேடி வாற பிள்ளை இஞ்சதானே வந்து பார்க்கும்! கொண்டுபோனால் அது எங்க போய்..."

சொல்லிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

கடலில் ஒரு படகு விளக்கோடு மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அது நீலத்துக்குள் மறைந்தது. பிறகு இராசமலர் கையுறையை வாங்கி, விரல்களை நேராக்கி, பழைய கட்டையிலேயே செருகினார். அது விழாது என்று தெரிந்தும் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன.

"நாளைக்கு வாற ஆக்களுக்கு நான் என்ன சொல்ல, சுவாமி?"

"பனிக்குள்ள வருகினம், பாவம்," என்றார் சுவாமி. "தேத்தண்ணி குடுத்து அனுப்புங்கோ."