வால் இல்லாத தவளையும் பாறையில் பொறித்த வரியும்

ஒரு காட்டை, கடல் தாண்டி வந்த சிங்கம் ஒன்று நெடுங்காலம் ஆண்டது. அது கர்ஜித்தால் அதுதான் சட்டம். அதன் முன்னால் யாரும் வாலாட்ட முடியாது. தாகத்தில் நாக்கு வறண்டாலும், அது சொன்னால்தான் குளத்தில் வாய் வைக்கலாம்.

ஒருநாள் விலங்குகள் எல்லாம் ஒன்றுகூடி அதைத் துரத்திவிட்டு, தங்களுக்கென்று ஒரு சபை அமைத்தன. சம்மதம் என்றால் வாலைத் தூக்க வேண்டும். அதிக வால்கள் எழுந்தால் அது சட்டம்.

ஆனாலும் பட்ட பாட்டை அவை மறக்கவில்லை. அதனால் குளக்கரைப் பாறையில் இப்படிப் பொறித்துவைத்தன: "தாகம் எடுத்த எவரும் குடிக்கலாம். இதைச் சபையும் மீறக் கூடாது." பாறைக்குக் காவலாக ஆமையை நியமித்தன. யார் பக்கமும் சாயாமல் இருக்க, சபையில் வால் தூக்குவதில்லை என்று ஆமை வாக்குக் கொடுத்தது.

அடுத்த கோடையில் குளம் வற்றத் தொடங்கியது. சபைத் தலைவரான கருங்குரங்கு எழுந்து நின்றது.

"இனி வால் உள்ளவர்களுக்கு மட்டுமே குளம். சம்மதமா?"

மளமளவென்று வால்கள் எழுந்தன. தவளைக்குத் தூக்க வால் ஏது, குழந்தைகளே? பாவம், அது கையைத் தூக்கிப் பார்த்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

"தலைவரே, குளத்தை விட்டால் வெயிலில் காய்ந்து செத்துப்போவேன். என் பிள்ளைகள் உள்ளே நீந்துகிறார்கள். அவர்களுக்கு வால் இருக்கிறதே!" என்று தவளை கெஞ்சியது.

"அப்படியானால் தலைப்பிரட்டைகள் இருக்கட்டும், நீ கிளம்பு. வால் மறைந்ததும் அவர்களையும் அனுப்பிவைக்கிறோம்" என்று கருங்குரங்கு சிரித்தது.

ஆமை மெல்ல நகர்ந்து பாறைமேல் ஏறியது. "இந்தச் சட்டம் செல்லாது" என்றது.

"எத்தனை வால் எழுந்தது, பார்த்தீரா ஆமையாரே? சபையைவிட நீர் பெரியவரா?"

"நான் பெரியவன் இல்லை. இந்த வரி பெரியது. நீங்களே பொறித்ததுதானே?"

"அவ்வளவுதானே! 'வால் உள்ள எவரும்' என்று மாற்றிவிட்டால் போயிற்று. மரங்கொத்தியே, வா!"

மரங்கொத்தி அலகைத் தீட்டிக்கொண்டு வந்தது. ஆமை நகரவில்லை. அதற்குக் கொம்பும் இல்லை, கோரைப்பல்லும் இல்லை. ஆனாலும் அந்த எழுத்தின்மேல் அது அசையாமல் உட்கார்ந்திருந்த அழகைப் பார்க்க வேண்டுமே!

"என் ஓட்டை உடைத்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள், தலைவரே. எவ்வளவு நீளம் இருந்தால் அது வால்?"

கருங்குரங்கு தன் நீண்ட வாலைப் பெருமையாகத் தடவியது. "இந்த அளவாவது வேண்டாமா?"

முதலில் முயலின் வால் இறங்கியது. பிறகு மான்களின் வால்கள் இறங்கின. கரடி தன் வால் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்துகொண்டது.

"சிங்கம் போய்விட்டது என்றல்லவா நினைத்தோம்!" என்றது ஒரு மான்.

மரங்கொத்தி பறந்து போனது. கருங்குரங்கு வாலைச் சுருட்டிக்கொண்டது.

ஆமை பாறையிலிருந்து இறங்க, தவளை குளத்துக்குள் குதித்தது. தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு அம்மாவைச் சூழ்ந்துகொண்டன.

நீதி: ஆள்பவர் ஒருவரானாலும் பலரானாலும், அவர்கள் தாண்டக் கூடாத கோடு ஒன்று வேண்டும்.