மாலையும் கரி மூட்டைகளும்

இந்தக் கதையில் ராஜாவும் இல்லை, இளவரசியும் இல்லை. ஒரு பூமாலை உண்டு; அதற்கு உரியவராக மூன்று பேர் உண்டு. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், விடை வழியிலேயே கிடக்கிறது.

நல்லிமடைப்பாளையத்துக்கு மேற்கே, மழைக்கோட்டுத் துணிக்கு நீர் ஒட்டாத பூச்சு போடும் ஆலை ஒன்று இருந்தது. ஆலை மூடிப் போனது. அதன் நஞ்சு போகவில்லை. ஊர்க் கிணறுகளில் இறங்கிவிட்டது. நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் சாகாது, காலத்தாலும் மட்காது. அந்த ஊருக்குப் பெண் கொடுக்கவே அக்கம்பக்கத்தார் யோசித்தார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் செங்கோடன் அரசு அலுவலகங்களின் படியெல்லாம் ஏறி இறங்கி ஒரு சுத்திகரிப்பு நிலையத்தைக் கொண்டுவந்தார். அதற்குள் போட, நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புதுவகைக் கரியைக் கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கித் தந்தவர் டாக்டர் ரேச்சல். நிலையத்தை நடத்த வந்தவள் வேதவல்லி, வேதியியல் படித்தவள், நாகப்பட்டினத்துக்காரி.

சோதனையில் தண்ணீர் தேறியது. ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. வேதவல்லிக்குத்தான் வேலை முடியவில்லை. நஞ்சைக் குடித்து நிறைந்த கரியை மாற்ற வேண்டும். பழைய கரியை என்ன செய்வது? பெருஞ்சூட்டிலும் அழுத்தத்திலும் நஞ்சை உடைத்தே போடும் புதிய இயந்திரம் ஒன்று தூரத்து நகரத்தில் இருந்தது. அங்கே கொண்டுபோக லாரி வரும் என்றார்கள். வரவில்லை. நிலையத்தின் தகரக் கூரையோ ஒழுகும். மழை பட்டால் கரியிலிருந்து நஞ்சு கசியும். ஆகவே மூட்டைகளை இறுகக் கட்டித் தன் வீட்டு முன்னறையில் அடுக்கினாள்.

அன்றோடு அவள் வீட்டுக்கு ஆள் வருவது நின்றது. பால் ஊற்றும் மாராத்தாள்கூடப் பாலை மதில்மேல் வைத்துவிட்டுக் குரல் மட்டும் கொடுப்பாள். "கட்டின மூட்டை யாரையும் கடிக்காதுங்க" என்று வேதவல்லி சொல்லிப் பார்த்தாள். யாரும் மறுக்கவில்லை, யாரும் உள்ளே வரவுமில்லை. யாராவது வரக்கூடும் என்று சாயங்காலம் இரண்டு டம்ளர் டீ போடுவாள். இரண்டையும் அவளே குடிப்பாள். தனிமை அவளை அரித்துத் தின்றது.

மாரியம்மன் நோம்பித் திருவிழா நெருங்கியபோது செங்கோடன் அவள் வாசலில் நின்றபடியே ஒரு வழி சொன்னார்.

"தண்ணி நல்லா இருக்கோணும்னு கெணத்துல நெல்லிக்கட்டை போடறமில்லீங்களா? அதாட்டம் இந்தக் கரியக் கோயில் கெணத்துல போட்டறலாமுங்க. உங்க வீடும் காலியாகும், நாலு சனம் வந்து போகும்."

நாலு சனம் என்றதும் அவள் திரும்பி உள்ளே இருந்த இரண்டு டம்ளர்களைப் பார்த்தாள்.

"வேண்டாங்க," என்றாள். "இது நஞ்சைக் குடிச்ச கரி. கிணத்துல போட்டா கொஞ்சம் கொஞ்சமா கக்கிடும்."

"அப்பறம் உங்க பாடுங்க" என்று அவர் போய்விட்டார்.

நோம்பியன்று, 'நம்ம ஊரை விட்டு நஞ்சை எடுத்தவருக்கு முதல் மாலை' என்று கோயிலில் அறிவித்தார்கள். நிலையத்தைக் கொண்டுவந்தவர் தலைவர்தானே என்றது ஒரு கூட்டம். கரி இல்லாவிட்டால் நிலையம் வெறும் தொட்டி, மாலை டாக்டருக்கே என்றது இன்னொரு கூட்டம்.

"மூட்டையோட குடியிருக்கற அந்தப் புள்ளைக்குத்தான் போடோணுமுங்க," என்றாள் மாராத்தாள்.

எல்லாரும் திரும்பித் தேடினார்கள். வேதவல்லி அங்கே இல்லை; அவளை யாரும் அழைத்திருக்கவில்லை. பூசாரி கையில் மாலையோடு அப்படியே நின்றார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இம்மூவரில் அந்த மாலை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ஒருவருக்கும் இல்லை. ஊரை விட்டு நஞ்சை எடுத்தவருக்குத்தான் மாலை. நஞ்சோ இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. எல்லார் வீட்டுக் குடத்திலிருந்தும் எடுத்து ஒரே வீட்டில் வைத்திருக்கிறார்கள். வேதவல்லியைக் கேட்டிருந்தால் அவளே இதைச் சொல்லியிருப்பாள். லாரி வந்து, அந்த இயந்திரம் நஞ்சை உடைத்த பிறகுதான் மாலையைப் பற்றிப் பேச்சு. ஆனால் அவள் போட்டுவைக்கும் இரண்டாவது டம்ளர் டீயைக் குடிக்க லாரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இது மாராத்தாளுக்கு மட்டும் உறைத்திருக்க வேண்டும். மறுநாள் அவள் பாலை மதில்மேல் வைக்கவில்லை, உள்ளே கொண்டுபோனாள்.